விளையாட்டு மாணவர்களுக்குப் பண்புசார் ஆய்வு: கிரவுண்டிலிருந்து வைவா வரை

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் உடற்கல்வி படிக்க வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டிக் கோவைப் பக்கம் போகிறார்கள். டிஸர்டேஷன் (ஆய்வேடு) எழுதும் நேரம் வந்ததும் எல்லோர் கையிலும் ஒரே அச்சில் வார்த்த தலைப்புதான் இருக்கும். பன்னிரண்டு வாரப் பயிற்சி, ஒரு பயிற்சிக் குழு, ஒரு கட்டுப்பாட்டுக் குழு, முன் சோதனை, பின் சோதனை, கடைசியில் இரு குழுக்களையும் ஒப்பிட அன்கோவா என்ற புள்ளியியல் கணக்கு. அதில் தப்பொன்றும் இல்லை, நானும் அப்படி ஒன்று செய்திருக்கிறேன். ஆனால் அந்த அச்சுக்குள் அடங்காத கேள்வியோடு வருடத்துக்கு ஒருவராவது என்னிடம் வந்துவிடுகிறார். "சார், எங்க ஊர்ல நல்லா ஓடிட்டிருந்த பொண்ணுங்க பத்தாவது முடிச்சதும் கிரவுண்டுக்கே வர்றதில்ல. இதை எப்படி டெஸ்ட் பண்றது?"

டெஸ்ட் பண்ண முடியாது, கேட்கத்தான் வேண்டும். 2017-இல் புவனேஸ்வரில் 1500 மீட்டரில் ஆசியத் தங்கம் வென்ற பி.யு. சித்ரா எங்கள் மாவட்டத்து முண்டூர்க்காரர். அவர் எத்தனை நிமிடத்தில் ஓடினார் என்பதை ஸ்டாப் வாட்ச் சொல்லிவிடும். அதே மாவட்டத்தில் அதே வயதில் ஓட ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோனவர்களைப் பற்றி அது வாய் திறக்காது. வயது வந்தோர் வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது. எத்தனை பேர் அதை எட்டுகிறார்கள் என்பது எண்சார் ஆய்வு. எட்டாத ஒருவருடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று உட்கார்ந்து கேட்பது பண்புசார் ஆய்வு. முதல் தடவை அதைச் செய்யப் போகிறவர்களுக்காக, நான் பட்ட அடிகளையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"கேரள எல்லையோரப் பெண்களின் விளையாட்டுப் பங்கேற்பு" என்பது கேள்வியே ஆகாது, வெறும் பெயர்ப்பலகை. "சித்தூர் தாலூக்காவில் பள்ளி அளவில் தடகளத்தில் ஓடிய பெண்கள், பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஓட்டத்தை நிறுத்தியதை எப்படி விளக்குகிறார்கள்?" என்று கேட்டால் அது கேள்வி. இடம் இருக்கிறது, ஆள் இருக்கிறது, நீங்கள் கேட்கப்போவது அவர்களுடைய விளக்கத்தைத்தான் என்பதும் அதிலேயே இருக்கிறது.

கேள்வியில் "தாக்கம்", "விளைவு", "தொடர்பு" என்ற சொற்கள் வந்தால் எண் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "எப்படி", "என்ன அனுபவம்", "எப்படிப் புரிந்துகொள்கிறார்கள்" என்றால் நம் பக்கம். ஹைப்போதிசிஸ், அதாவது முன்கூட்டியே வைக்கும் கருதுகோள், எழுத வேண்டியதில்லை. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) யாராவது "ஹைப்போதிசிஸ் எங்கேப்பா?" என்று கேட்பார்கள். நிரூபிக்க ஒன்றை வைத்துக்கொண்டு போனால் அதுவே காதில் விழும், அதனால் வைக்கவில்லை என்று பணிவாகச் சொல்லுங்கள்.

யாரிடம், எத்தனை பேரிடம்

குலுக்கல் முறை இங்கே வேண்டாம். உங்கள் கேள்விக்குப் பதில் வைத்திருப்பவரைத் தேடித்தான் போக வேண்டும். நிறுத்தியவர்கள், நிறுத்தாமல் தொடர்ந்த ஓரிருவர், ஒரு அம்மா, ஒரு பி.டி. சார். தொடர்ந்தவர்களை விட்டுவிடாதீர்கள். நிறுத்தியதற்கான காரணம் சில சமயம் அவர்கள் கதையில்தான் பளிச்சென்று தெரியும்.

எத்தனை பேர் என்பதுதான் எல்லோரையும் அரிக்கும் கேள்வி. கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் என்ற மூவர் 2006-இல் வெளியிட்ட கட்டுரையைக் காட்டி "12 போதும்" என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. அவர்கள் கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் எடுத்த நேர்காணல்களைப் பார்த்தார்கள். முதல் 12-க்குள்ளேயே பெரும்பாலான விஷயங்கள் வந்துவிட்டன என்றார்கள். ஆனால் அந்தப் பெண்கள் ஓரளவு ஒரே மாதிரிச் சூழலில் இருந்தவர்கள், கேட்ட கேள்விகளும் ஒரே மாதிரி. நம் எல்லையில் ஒரே தெருவில் ஒரு பிள்ளை கேரளப் பாடத்திட்டம், இன்னொன்று தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். கேரளப் பக்கம் படிப்பவருக்கு விளையாட்டில் சாதித்தால் பரீட்சையில் கூடுதலாகக் கிடைக்கும் கிரேஸ் மார்க் என்று ஒன்று உண்டு. நிறுத்துவதா தொடர்வதா என்று வீட்டில் நடக்கும் பேச்சையே அது மாற்றிவிடும். முதுகலை டிஸர்டேஷனுக்கு 8 முதல் 12 பேர் என்று திட்டமிடுங்கள், அந்த எண்ணைச் சட்டமாக வைத்துக்கொள்ள வேண்டாம். ஒன்பதாவது ஆள் சொன்னதில் புதிதாக ஒன்றுமே இல்லை என்றால் சரி. எல்லாமே புதிதாக இருந்தால் இன்னும் நடக்க வேண்டியிருக்கிறது.

அனுமதி

இதில் சோம்பல் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள் நமக்கும் பொருந்தும். கல்லூரியில் நெறிமுறைக் குழு இருந்தால் அதன் ஒப்புதல் கைக்கு வரும் வரை ஒருவரிடமும் ரெக்கார்டரை நீட்டாதீர்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும், அந்தப் பிள்ளையின் சம்மதமும் தனியாக வேண்டும். அப்பா சரி சொல்லி, பிள்ளை தலையைக் குனிந்துகொண்டால் அது சம்மதம் ஆகாது.

படிவத்தை ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டு போகாதீர்கள். எங்கள் பக்கம் சிலர் தமிழ் மட்டும் படிப்பார்கள், சிலர் மலையாளம் மட்டும், சிலருக்குப் பேச்சு தமிழ், எழுத்து மலையாளம். இரண்டு மொழியிலும் ஒரே பக்கத்தில் அடித்து, உரக்க வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். பாதியில் எழுந்து போகலாம், போனால் எந்தக் கெடுதலும் வராது என்ற வரியை இரண்டு தடவை வாசியுங்கள்.

பெயரை மாற்றிவிட்டால் ஆளை மறைத்தாயிற்று என்று நினைப்பவர்கள் நம் ஊர்களில் இருந்து பார்க்காதவர்கள். "மாநில மீட்டில் 800 மீட்டரில் வெள்ளி, அப்பா கள்ளுக்கடை, இப்போது நர்சிங் படிக்கிறார்" என்று எழுதிவிட்டுப் பெயரை மட்டும் 'மாலதி' என்று மாற்றினால், டீக்கடையில் இருக்கும் எல்லோருக்கும் அது யார் என்று தெரியும். பதக்கம், ஆண்டு, அப்பாவின் தொழில் மூன்றில் இரண்டையாவது மங்கலாக்குங்கள்.

கேள்வித் தாள்

ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ஏழெட்டுக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒன்றிரண்டு துணைக் கேள்விகள். "பயிற்சி உங்களுக்குப் பிடித்திருந்ததா?" என்று கேட்டால் "ஆமா சார்" என்று வரும். அதோடு கதவு மூடிக்கொள்ளும். "நீங்க கடைசியா ஓடப் போன நாள் ஞாபகம் இருக்கா? அன்னைக்குக் காலையில எழுந்ததுல இருந்து சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். நாளைச் சொல்லச் சொன்னால் மனிதர்கள் சொல்வார்கள், காரணத்தைச் சொல்லச் சொன்னால் யோசித்து, அழகாக ஒன்றைத் தயாரித்துத் தருவார்கள். "ஏன் நிறுத்தினீங்க?" என்ற கேள்வியில் ஒரு குற்றச்சாட்டு வாசனை உண்டு. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அதற்குள் பதில் தானாக வந்திருக்கும்.

இந்தத் தாளை முதலில் உங்கள் வகுப்புத் தோழரிடம் ஓட்டிப் பாருங்கள். எந்தக் கேள்வி நாக்கில் இடறுகிறதோ அது எழுத்துத் தமிழில் இருக்கிறது என்று அர்த்தம். "உடற்செயல்பாட்டுத் தடைகள்" என்று எந்த அம்மாவும் பேசுவதில்லை.

உட்கார்ந்து பேசுவது

என் முதல் ஆய்வில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பயிற்சி மையத்தில் பிள்ளைகளிடம் பேச அனுமதி கேட்டேன். பயிற்சியாளர் மிகவும் நல்ல மாதிரி, தன் அறையையே கொடுத்தார், டீயும் சொன்னார். அப்புறம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்துக்கொண்டார். நான்கு பிள்ளைகள் பேசினார்கள். நான்கு பேரும் "எல்லாம் நல்லா இருக்கு சார்" என்றார்கள். ஒன்றரை மணி நேரப் பதிவு, ஒரு வரி கூடப் பயன்படவில்லை. தப்பு அவருடையது இல்லை, எழுந்து போகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அதன்பிறகு கண்ணுக்கெட்டும் தூரம், காதுக்கெட்டாத தூரம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். பள்ளி வராந்தாவின் கோடி, கோயில் ஆலமரத்தடி, வீட்டுத் திண்ணை. பெரியவர்கள் பார்க்கலாம், கேட்க முடியாது. பையன்கள் பெண் பிள்ளைகளிடம் பேசப் போனால் வகுப்புத் தோழி ஒருவரையும் அழைத்துப் போங்கள், முடிந்தால் அவரையே கேட்கச் சொல்லுங்கள். சில பதில்கள் உங்களிடம் வரவே வராது, மாதவிடாய் நாட்களும் ஷார்ட்ஸ் போடுவதும் அதில் முதலாவது.

பதிவுக்குப் போன் போதும். ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் யாராவது கூப்பிட்டுப் பதிவு அறுந்துபோகும். இன்னொரு விஷயம் பாலக்காட்டுக்காரர்களுக்கு மட்டும். டிசம்பர், ஜனவரியில் கணவாய் வழியாக வீசும் காற்று கிரவுண்டில் வைத்த போனுக்குள் அருவி மாதிரி இரையும், பேச்சு கேட்காது. சுவரோரம் உட்காருங்கள், போனைக் கைக்குட்டைக்கு மேல் வையுங்கள், முதல் ஒரு நிமிடத்தைப் போட்டுக் கேட்டுவிட்டு மேலே போங்கள்.

அவர் பேசி நிறுத்தியதும் அடுத்த கேள்விக்குப் பாயாதீர்கள். மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். நமக்கு அந்த அமைதி தாங்காது, எதையாவது சொல்லி நிரப்பத் தோன்றும். அதை அவர் நிரப்பட்டும். அப்புறம், ரெக்கார்டரை அணைத்த பிறகு வாசல் வரை வந்து வழியனுப்பும்போது சொல்வார்கள் பாருங்கள், அதுதான் சங்கதியாக இருக்கும். "இதையும் எழுதிக்கலாமா?" என்று கேட்டு, சரி என்றால் பஸ்ஸில் உட்கார்ந்ததும் எழுதிவிடுங்கள்.

பார்ப்பதும் தரவுதான்

பிரெஞ்சு சமூகவியலாளர் லோயிக் வக்கான் 1988-இல் சிகாகோவில் ஒரு குத்துச்சண்டை ஜிம்மில் சேர்ந்தார். மூன்று ஆண்டுகள் அவர்களோடு பயிற்சி எடுத்து, போட்டியிலும் இறங்கி அடி வாங்கி, அந்த ஜிம்மைப் பற்றி எழுதினார். உங்களிடம் அவ்வளவு நாள் இல்லை. ஆறு சாயங்காலம் கிரவுண்டு ஓரத்தில் உட்கார முடியும். யார் முதலில் வருகிறார், யார் தண்ணீர்க் குடம் தூக்குகிறார், செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் கால்பந்து) ஆடும் பையன்கள் வந்ததும் ஓடும் பெண்கள் எந்த மூலைக்கு ஒதுங்குகிறார்கள், இருட்டும் நேரத்தில் யாரை யார் கூட்டிப்போக வருகிறார்கள். பார்த்ததை ஒரு நிறத்தில் எழுதுங்கள், நீங்கள் நினைத்ததை வேறு நிறத்தில். அன்றிரவே விரித்து எழுதிவிட வேண்டும், மறுநாள் என்றால் பாதி உங்கள் கற்பனையாகிவிடும்.

எழுத்தாக்கம்: இங்கேதான் எல்லைக்காரர்கள் சறுக்குவது

ஒரு மணி நேரப் பேச்சை எழுத நான்கைந்து மணி நேரமாவது பிடிக்கும். இரண்டு மொழி கலந்த பேச்சென்றால் இன்னும் கூடும். தானாக எழுதித் தரும் இலவச இணையதளங்கள் எங்கள் பேச்சைக் கேட்டுக் குழம்பிப்போகின்றன. அதைவிட முக்கியம், பதினைந்து வயதுப் பிள்ளையின் குரலை ஏதோ ஒரு சர்வரில் ஏற்றுவதற்கு அவர் அம்மா கையெழுத்துப் போடவில்லை.

என் பதிவு ஒன்றில் ஒரு பெண், "ரெண்டு நாளா பனி, அதான் ஓடப் போகல" என்றிருந்தார். ஜனவரி மாதப் பேச்சு. நான் "காலைப் பனி காரணமாகப் பயிற்சிக்குச் செல்லவில்லை" என்று திருத்தி எழுதி, பருவநிலைத் தடை என்று ஒரு குறிப்பும் போட்டுவிட்டேன். ஒன்றிரண்டு மாதம் கழித்து அதே பதிவைத் திரும்பக் கேட்டபோது அடுத்த வரியில் "மாத்திரை" என்ற சொல் காதில் விழுந்தது. அவர் சொன்னது மலையாளத்துப் பனி. காய்ச்சல். நானும் அதே ஊரில் வளர்ந்தவன்தான். ஆய்வு என்றதும் கோவைத் தமிழ் தலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

அதனால் கேட்டதைக் கேட்டபடியே எழுதுங்கள். "களி" என்றால் "களி" என்றே எழுதுங்கள், "விளையாட்டு" என்று மாற்றாதீர்கள். எங்கள் வீடுகளில் பிள்ளை ஓடும்போது அது களி, பதக்கம் வாங்கினால் ஸ்போர்ட்ஸ். அந்த மாற்றம் எந்த வயதில், யார் வாயில் நடக்கிறது என்பதே ஒரு அத்தியாயம் அளவுக்கு விஷயம். டிஸர்டேஷன் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும், பரவாயில்லை. கோடிங், அதாவது பேச்சின் ஒவ்வொரு துண்டுக்கும் அது சொல்வதைச் சுருக்கிப் பெயர் வைப்பது, முழுவதும் மூலப் பேச்சிலேயே நடக்கட்டும், மேற்கோளாக எடுத்த வரிகளை மட்டும் கடைசியில் மொழிபெயர்த்து, மூலத்தையும் பக்கத்தில் வையுங்கள்.

கோடிங்

வர்ஜீனியா பிரான், விக்டோரியா கிளார்க் இருவரும் 2006-இல் ஆறு கட்டமாகச் சொன்ன கருப்பொருள் பகுப்பாய்வு புதியவர்களுக்கு ஏற்றது. திரும்பத் திரும்ப வாசிப்பது, கோடு (code, துண்டுக்கு வைக்கும் சுருக்கப் பெயர்) போடுவது, கோடுகளைச் சேர்த்துக் கருப்பொருள் தேடுவது, அதைச் சரிபார்ப்பது, பெயர் வைப்பது, எழுதுவது. சொல்லும்போது மாடிப்படி மாதிரி இருக்கும், செய்யும்போது மேலும் கீழுமாகப் பத்து தடவை ஏறி இறங்குவீர்கள்.

பலர் சொன்னதைக் கலந்து வகுப்புக்காக நான் எழுதி வைத்திருக்கும் ஒரு பத்தி இது:

"பத்து முடிஞ்சதும் அம்மா சொன்னாங்க, இனி களி போதும்னு. அப்பா ஒண்ணும் சொல்லல. சார் வீட்டுக்கே வந்து கேட்டார். அப்பா, பார்க்கலாம் சார்னார். எனக்கு அப்பவே தெரிஞ்சிருச்சு. ஸ்பைக்ஸைத் தொடச்சு அட்டப்பெட்டியில வச்சேன். இப்பவும் இருக்கு."

இதைக் கொடுத்துக் கோடு போடச் சொன்னால் முதல் நாள் எல்லோரும் எழுதுவது "குடும்ப எதிர்ப்பு". மறுபடி வாசியுங்கள். எதிர்த்தது யார்? அப்பா "வேண்டாம்" என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்றார். நம் வீடுகளில் "பார்க்கலாம்" என்றால் என்ன என்று நமக்குத் தெரியும், அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருந்தது. அதனால் கோடுகள் இப்படி வரலாம்: "இனி களி போதும்" (அவர் சொல்லையே கோடாக வைப்பது), அப்பாவின் மௌனம், 'பார்க்கலாம்' என்ற மறுப்பு, சொல்லாமலே புரிந்துகொள்ளுதல், ஸ்பைக்ஸை (ஓட்டக் காலணியை) எறியாமல் வைத்திருத்தல். கடைசிக் கோடு முக்கியமானது. "நிறுத்தியவர்" என்று நீங்கள் பட்டியலில் போட்ட ஆள், தன் கணக்கில் இன்னும் முழுதாக நிறுத்தவில்லையோ என்னவோ.

பத்துப் பேர் பேச்சிலும் இப்படிக் கோடு போட்டால் நூறு, நூற்றைம்பது வரும். சிறு சீட்டுகளில் எழுதித் தரையில் பரப்பிச் சேர்த்துப் பாருங்கள். என்விவோ மாதிரி விலை கூடிய மென்பொருள் பத்து நேர்காணலுக்குத் தேவையில்லை, எக்செல் போதும். சேர்த்த குவியலுக்கு "குடும்பக் காரணங்கள்", "பொருளாதாரக் காரணங்கள்" என்று பெயர் வைக்காதீர்கள், அதெல்லாம் டப்பாவின் மேல் ஒட்டும் லேபிள். கருப்பொருள் என்பது ஏதோ ஒன்றைச் சொல்ல வேண்டும். "யாரும் தடுக்கவில்லை, யாரும் அனுப்பவும் இல்லை" என்று வைத்தால் வாசிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். அதற்கு ஒத்துவராத ஆள் ஒருவர் இருந்தால் ஒளிக்காதீர்கள், அவரைப் பற்றித் தனியாக ஒரு பத்தி எழுதுங்கள்.

வைவாவில் கேட்பது

"பத்துப் பேர் சொன்னதை எப்படிப்பா எல்லாருக்கும் பொருத்துறது?" இது வராத வைவா கிடையாது. பொருத்தவில்லை என்பதுதான் பதில். லிங்கன், கூபா இருவரும் 1985-இலேயே இந்த வகை ஆய்வுக்கு வேறு அளவுகோல் சொன்னார்கள். சொன்னதை நம்ப முடிகிறதா, வேறு இடத்தில் இருப்பவர் தன் ஊரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அளவு விவரம் இருக்கிறதா, செய்த வழி தடம் தெரிகிறதா, முடிவு தரவிலிருந்து வந்ததா உங்கள் ஆசையிலிருந்து வந்ததா. இதற்காகத்தான் எந்த நாளில் எந்தக் கோட்டை ஏன் மாற்றினேன் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்கிறேன். அந்த நோட்டை மேஜைமேல் வைத்தால் பாதிக் கேள்விகள் குறையும்.

நீங்கள் யார் என்பதையும் ஒரு பத்தி எழுதுங்கள். நான் ஓடியவன். நிறுத்துவது ஒரு இழப்பு என்பது என் எலும்பிலேயே இருக்கிறது. ஒரு பெண் "நிறுத்தினது நிம்மதியா இருந்துச்சு" என்றபோது அதைக் கேட்காத மாதிரி அடுத்த கேள்விக்குத் தாண்டியிருக்கிறேன். பதிவில் அது அப்படியே இருக்கிறது, தப்பிக்க முடியாது.

எப்போது எதைச் செய்வது

ஜூனில் பள்ளி திறந்ததும் அனுமதிக் கடிதங்கள். பாலக்காடு டவுன் அளவுக்கு எங்கள் கிழக்குப் பக்கம் மழை கொட்டாது, இருந்தாலும் ஜூலையில் கிரவுண்டு சேறுதான். எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், நேர்காணலை அப்போது வையுங்கள். பள்ளி மீட் தொடங்குவதற்கு முந்தைய வாரங்களில் கிரவுண்டு ஓரத்தில் உட்காருங்கள், பார்ப்பதற்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. எழுத்தாக்கத்தை ஒவ்வொரு நேர்காணலும் முடிந்த அதே வாரத்தில் முடித்துவிடுங்கள், பத்தையும் சேர்த்துவைத்தால் பொங்கல் லீவு முழுக்கக் காதில் ஹெட்போன்தான். ஜனவரிக்குள் ஆட்களைப் பார்த்து முடித்துவிட வேண்டும். ஒரு தடவை மார்ச்சில் "ஒரே ஒரு கேள்வி விட்டுப்போச்சு" என்று பத்தாம் வகுப்புப் பிள்ளை வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் அம்மா மோர் கொடுத்தார், உட்காரச் சொல்லவில்லை. "பரீட்சை முடியட்டும், பார்க்கலாம் சார்" என்றார்.